யார் வீட்டு மணல்?

என் சிநேகிதர் ஒருவர் மயிலாப்பூர்க்காரர். உத்தியோக நிமித்தமாக ஸ்வீடன் தேசத்துக்குப் போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தார். வந்த மறு வாரமே என்னைப் பார்க்க ராயபுரத்துக்கு வந்தார். குழந்தைகளுக்கு ஒரு டப்பா சாக்லெட் கொடுத்தார். எனக்கென்று அவர் கொண்டுவந்திருந்தது நாலாக மடித்த ஒரு காகிதம்.

"ஸ்டாக்ஹோமில் பழைய பட்டணம் என்று ஒரு பகுதி இருக்கிறது. அதன் படம் இது. வழிகாட்டி வேண்டாம், வண்டி வேண்டாம். இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நம் பாட்டுக்கு நடக்க வேண்டியதுதான். கால் வலித்தால் உட்காரலாம், பிடித்திருந்தால் நிற்கலாம். இரண்டு மணி நேரத்தில் எழுநூறு வருஷத்துச் சரித்திரம் காலடியில் வந்துவிடுகிறது!" என்றார்.

காகிதத்தை விரித்துப் பார்த்தேன். ஒரு சிறிய தீவு. அதற்குள் சந்தும் பொந்துமாகத் தெருக்கள். ஒன்று, இரண்டு என்று எண் போட்டு வழி காட்டியிருந்தது. பெரிய சதுக்கம் ஒன்று. டென்மார்க்கு மன்னன் இரண்டாம் கிறிஸ்டியன் 1520-ஆம் வருஷம் விருந்துக்கு அழைத்த பிரபுக்களும் பாதிரிமாரும் நகரத்தாருமாக எண்பது பேருக்கு மேல் தலை வாங்கிய இடம் அது. இன்று அங்கே உட்கார்ந்து காபி சாப்பிடுகிறார்களாம். மூன்றடி அகலமே உள்ள ஒரு சந்து. அதில் எதிரும் புதிருமாக இரண்டு பேர் வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டுமாம். "நம் ஜார்ஜ் டவுனில் இதைப்போல் நூறு சந்து காட்டுவேன்" என்றேன். சிநேகிதர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"இதைக் கேள். மேற்கு நீளத் தெரு, கிழக்கு நீளத் தெரு என்று அங்கே இரண்டு தெருக்கள். பழைய காலத்தில் அவை கடற்கரையை ஒட்டிப் போன பாதைகளாம். இன்று அங்கே நின்றால் தண்ணீரையே காணோம். கடல் விலகிப் போய்விட்டது!"

கடல் விலகவில்லை, தரைதான் உயர்ந்திருக்கிறது. பனியுகத்தில் அந்தத் தேசத்தின்மேல் மைல் கணக்கான கனத்தில் பனிக்கட்டி ஏறி உட்கார்ந்திருந்தது. இலவம்பஞ்சு மெத்தைமேல் ஒரு யானை படுத்திருந்து, எழுந்து போய்விட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். மெத்தை மெல்ல மெல்ல உப்பி எழும் அல்லவா? பனி உருகி ஆயிரக்கணக்கான வருஷங்கள் ஆகியும் அந்தப் பூமி இன்னும் உப்பிக்கொண்டிருக்கிறது. வருஷத்துக்கு அரை சென்டிமீட்டர் கிட்டத்தட்ட. ஸ்டாக்ஹோம் என்ற பெயர் முதன்முதலாக ஏட்டில் ஏறிய 1252-ஆம் வருஷத்திலிருந்து கணக்குப் பார்த்தால் பத்தடிக்கு மேல் தரை எழும்பியிருக்கும். மனிதர்களும் கரையோரம் குப்பையும் கல்லும் கொட்டி இடத்தைப் பெருக்கினார்கள். ஆக, அந்த ஊருக்குக் கடல் நிலம் கொடுத்திருக்கிறது.

"உங்கள் ராயபுரத்தில் இப்படி ஏதாவது உண்டா?" என்று கேட்டார் சிநேகிதர். கேள்வியில் சற்றுக் கேலி இருந்தது. மயிலாப்பூர்க்காரர்களுக்கு வடசென்னை என்றால் லாரியும் மீன் வாசனையும்தான்.

"ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கடற்கரை ஸ்டேஷனுக்கு வா. காட்டுகிறேன். தாள் மட்டும் கிடையாது" என்றேன்.

வாசகர்களுக்கும் அதே அழைப்புத்தான். நல்ல செருப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள். கையில் தண்ணீர் இருக்கட்டும். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம்.

நாம் புறப்படுகிற ஸ்டேஷனுக்குப் பெயர் சென்னைக் கடற்கரை. 1931-ஆம் வருஷம் இங்கிருந்துதான் தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. வெளியே வந்து பாருங்கள். கடற்கரை எங்கே? பர்மா பஜார் கடைகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் துறைமுகத்துச் சுவர் இருக்கிறது. கடலைக் காணோம். சிநேகிதரும் அதைத்தான் கேட்டார்.

இன்று ராஜாஜி சாலை என்று வழங்கும் இந்தத் தெருவுக்குப் பழைய பெயர் 'ஃபர்ஸ்ட் லைன் பீச்'. கடலைப் பார்த்த முதல் வரிசை என்று அர்த்தம். 1884-இல் எழுந்த பெரிய தபாலாபீசும் அதன் பக்கத்துக் கட்டடங்களும் அந்த வரிசையில் நின்றவை. தெற்கே கோட்டை இருக்கிறதே, அதன் கிழக்கு மதிலுக்கு வெகு அருகில் ஒரு காலத்தில் அலை அடித்தது. இப்போது கோட்டைக்கும் கடலுக்கும் நடுவே சாலையும் துறைமுக நிலமும் வந்து உட்கார்ந்துவிட்டன.

அப்போதெல்லாம் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. இரண்டரை நூற்றாண்டு வியாபாரம் துறைமுகமே இல்லாமல் நடந்தது என்றால் நம்புவது கஷ்டம். கப்பல்கள் கரையிலிருந்து ஒரு மைல் தள்ளி நங்கூரம் பாய்ச்சி நிற்கும். அங்கிருந்து சரக்கும் மனிதரும் மசூலாப் படகுகளில் வர வேண்டும். அந்தப் படகில் ஓர் ஆணிகூடக் கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை தூக்கிக் கரையில் அறையும்போது ஆணியடித்த படகு பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். பக்கத்திலேயே கட்டுமரங்கள் வரும். யாராவது அலையில் விழுந்தால் தூக்கிப் போட்டுக்கொள்ளத்தான் அவை. கரைக்குச் சற்று முன்னால் படகோட்டிகள் துரைமார்களையும் துரைசானிகளையும் தோளில் தூக்கிக்கொண்டு இறக்குவார்கள். கவர்னராக வந்தவரும் சரி, நேற்றுச் சேர்ந்த குமாஸ்தாவும் சரி, இந்தப் பட்டணத்தில் காலை வைப்பதற்கு முன்னால் ஒரு படகோட்டியை நம்பித்தான் ஆக வேண்டும்.

அந்தப் படகோட்டிகளை மறந்துவிடாதீர்கள். நடையின் முடிவில் அவர்களை மறுபடியும் சந்திக்கப் போகிறோம்.

வடக்கே நடந்தால் கிளைவ் பேட்டரி. பஸ்ஸில் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, மோட்டார் பேட்டரிக் கடை என்று நினைத்தவர்கள் உண்டு. பேட்டரி என்றால் பீரங்கி மேடை. கடல் பக்கமாக வரும் எதிரியைச் சுடுவதற்கு ஏற்பாடு. அங்கிருந்து மேற்கே திரும்பினால் பழைய ஜெயில் ரோடு. அந்த ஜெயில் இருந்த இடத்தில் இப்போது பாரதி மகளிர் கல்லூரி இருக்கிறது. கைதிகள் நாளை எண்ணிக்கொண்டிருந்த இடத்தில் பெண்கள் புத்தகத்தோடு போகிறார்கள். சரித்திரம் அபூர்வமாகச் செய்கிற நல்ல காரியங்களில் இது ஒன்று.

அதே சாலையில் ஒரு பழைய கனத்த மதில் நிற்கிறது. மேலே சிறு தோட்டம் போட்டு மாடிப் பூங்கா என்று பெயர் வைத்தார்கள். கதவு திறந்திருந்தால் ஏறிப் பாருங்கள். பூட்டியிருந்தால் கீழே நின்று பார்த்தாலும் போதும். ஒரு பட்டணத்தின் பயம் கல்லாகி நிற்பதைக் காணலாம்.

1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். 1749-இல் இங்கிலீஷ்காரர்கள் கைக்குத் திரும்பி வந்தது. கோட்டையை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் பட்டணம், அதாவது நம் ஜனங்கள் குடியிருந்த பட்டணம், தரைமட்டமாயிற்று. பீரங்கிக்கு மறைப்பில்லாமல் வெட்டவெளி வேண்டுமாம். ஜனங்கள் வடக்கே நகர்ந்து புதிதாகக் குடியேறினார்கள். பிற்பாடு ஜார்ஜ் டவுன் என்று பெயர் மாறிய பட்டணம் அதுதான். 1758-இல் லாலி வந்து முற்றுகையிட்டான். 1760-களின் கடைசியில் ஹைதர் அலியின் குதிரைகள் சென்னை வாசல்வரை வந்தன. அதற்குப் பிறகுதான், 1769-இலிருந்து, பட்டணத்துக்கு வடக்கிலும் மேற்கிலும் இந்த மதில் எழுந்தது. கிழக்கே கடல் இருந்தது. தெற்கே கோட்டை இருந்தது.

மதில் கட்டும் காண்டிராக்ட் பால் பென்ஃபீல்டு என்ற கம்பெனி உத்தியோகஸ்தருக்குக் கிடைத்தது. இவரே பின்னால் ஆர்க்காட்டு நவாபுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்துப் பெரும் பணக்காரராகி, 1785-இல் லண்டன் பார்லிமெண்டில் எட்மண்டு பர்க்கின் வாயில் அகப்பட்டுக்கொண்ட மனிதர். மதிலுக்கான செலவை, உள்ளே குடியிருப்பவர்களிடமிருந்து வரியாக வசூலிக்கலாமென்று யோசித்தார்கள். அந்த வரி வசூலான பாடில்லை. ஆனால் பெயர் மட்டும் தங்கிவிட்டது: சென்டிரல் ஸ்டேஷன் ஓரமாகப் போகும் வால்டாக்ஸ் ரோடு. கொடுக்காத வரிக்கு ஒரு தெரு வைத்த ஊர் உலகத்தில் நம்முடையதாகத்தான் இருக்கும்.

மதில் என்றால் உள்ளே, வெளியே என்று இரண்டு உண்டு. வெளியே என்ன நடந்தது என்பதற்கு அடுத்த நிறுத்தம் சாட்சி. சற்று நடந்தால் ஸ்டான்லி ஆஸ்பத்திரி. என் பாட்டி அதை ஸ்டான்லி என்று சொல்லிக் கேட்டதில்லை. கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்லுவாள். ஏதோ கேலிப் பெயர் என்று நான் சிறு வயதில் எண்ணியதுண்டு. கேலியே அல்ல. ஹைதரோடு நடந்த இரண்டாவது யுத்தத்தில் கிராமங்கள் எரிந்தன, வயல்கள் பாழாயின, 1782-இல் பஞ்சம். பிழைத்தவர்கள் பட்டணத்தை நோக்கி வந்தார்கள். மதிலுக்கு வெளியே தொட்டி கட்டிக் கஞ்சி ஊற்றினார்கள். மேற்பார்த்தவர் மணியக்காரர், ஆகவே மணியக்காரர் சத்திரம். இங்கிலீஷ்காரர்கள் வாயில் அது மோனிகர் சவுல்ட்ரி ஆயிற்று. கஞ்சி குடிக்க வந்தவர்களில் நோயாளிகளும் இருப்பார்கள் அல்லவா? 1799-இல் அங்கே மருத்துவமனை வேரூன்றியது. அது வளர்ந்து, 1938-இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியாக நின்றது. ஸ்டான்லி என்பது கவர்னர் பெயர். கஞ்சித் தொட்டி என்பது ஜனங்கள் வைத்த பெயர். எது உண்மையான பெயர் என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து ராயபுரத்துக்குள் புகும்போது ராபின்சன் பூங்காவை எட்டிப் பார்க்கலாம். 1949-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம், கொட்டுகிற மழையில், திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் நடந்த இடம். இப்போது அது அறிஞர் அண்ணா பூங்கா. நாங்கள் போனபோது பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். பதினெட்டு வருஷத்தில் ராஜ்யத்தின் ஆட்சி மாறுவதற்கு இந்த மண்ணில்தான் மேடை போட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். ராயபுரத்துப் பையன்களுக்கு அரசியல் தெரியாமல் இருக்காது.

சிநேகிதருக்குக் கால் வலி கண்டுவிட்டது. ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். "இதுவரைக்கும் சரிதான். ஆனால் நீ பெருமையடித்துக்கொள்கிற மாதிரி ஒன்றும் காணோமே!" என்றார். டீயை முடித்துக்கொண்டு அவரை ராயபுரம் ரயில்வே ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனேன்.

வரிசையாகத் தூண்கள் நிறுத்திய, செக்கச்செவேலென்ற கட்டடம். தூண்களின் உச்சியில் இலை மடல் கொத்து. கிரேக்க தேசத்து மோஸ்தர். அருகே போக்குவரத்துச் சந்தடி, பிளாட்பாரத்திலோ அமைதி. 1856-ஆம் வருஷம் ஜூன் 28-ஆம் தேதி கவர்னர் ஹாரிஸ் பிரபு இதைத் திறந்து வைத்தார். அன்று இரண்டு வண்டிகள் புறப்பட்டன. ஒன்றில் கவர்னரும் ஐரோப்பிய விருந்தாளிகளும் ஏறிக்கொண்டார்கள். மற்றொன்றில் நம்மவர்கள் திருவள்ளூர் வரை போய் வந்தார்கள். ஜூலை முதல் தேதியிலிருந்து ஆர்க்காட்டுப் பக்கம் வாலாஜா ரோடு வரைக்கும் பொது ஜனங்களுக்கு வண்டி ஓடிற்று. தென்னிந்தியாவில் பயணிகள் ரயில் புறப்பட்ட முதல் ஸ்டேஷன் இதுதான். பம்பாயில் 1853-இல் ரயில் விட்டார்கள்; கல்கத்தாவில் 1854-இல் விட்டார்கள். ஆனால் அந்த நாளைய ஆரம்பக் கட்டடங்கள் அங்கே மிஞ்சவில்லை. இங்கே மிஞ்சியிருக்கிறது.

"இத்தனை பெரிய ஸ்டேஷனை ஏன் இங்கே வைத்தார்கள்?" என்று கேட்டார் சிநேகிதர். அவர் குரலில் கேலி போய்விட்டிருந்தது.

சரக்கு இங்கேதான் இறங்கியது. வியாபாரிகள் பக்கத்தில்தான் இருந்தார்கள். ஆகவே ரயிலும் இங்கே வந்தது. 1862-க்குள் தண்டவாளம் மேற்குக் கடற்கரையில் பேப்பூர் வரை எட்டிவிட்டது. ராயபுரத்தில் ஏறியவன் அரபிக் கடலைப் பார்க்கலாம். ஆனால் இந்தச் சீர் நீடிக்கவில்லை. 1873-இல் சென்டிரல் ஸ்டேஷன் வந்தது. 1908-இல் எழும்பூரில் பெரிய கட்டடம் எழுந்தது. மூத்தாளை மூலையில் உட்கார வைத்ததுபோல் ராயபுரம் ஒதுங்கிவிட்டது. இடிந்து போகிற நிலைமையில் இருந்ததைப் பழுதுபார்த்து 2005-இல் மறுபடியும் நிமிர்த்தினார்கள்.

ஸ்டேஷனை விட்டு மேற்கு மாதா கோயில் தெருவுக்கு வந்தால், உள்ளே போக முடியாத ஓர் ஆலயம் இருக்கிறது. பார்சிகளின் அக்கினி ஆலயம். 1795-இல் இந்த ஊரில் நிலம் வாங்கிக் குடியேறிய ஒரு சிறு கூட்டம் பார்சிகள். நூறு வருஷத்துக்கு மேல் அவர்களுக்குச் சொந்தமாகக் கோயில் இல்லை. ஃபிரோஜ் கிளப்வாலா என்பவருக்கு ஜால் என்று ஒரு பிள்ளை இருந்தான். சிறு வயதிலேயே இறந்து போனான். தகப்பனார் அவன் பெயரால் 1910-இல் இந்த ஆலயத்தைக் கட்டி நெருப்பை ஏற்றினார். தமிழ்நாட்டில் பார்சிகளுக்கு உள்ள ஒரே ஆலயம் இதுதான். வேற்று மதத்தார் உள்ளே போகலாகாது. வெளியே நின்று கும்பிட்டுவிட்டு நகர்ந்தோம். பிள்ளையை இழந்த ஒரு தகப்பனின் துக்கம் ஒரு சமூகத்துக்கே கோயிலாயிற்று என்பதை நினைத்தால் வாசலே போதும் என்று தோன்றுகிறது.

இனிப் படகோட்டிகளிடம் போகலாம்.

கோட்டையருகே கடற்கரையில் குடியிருந்த அவர்களைப் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கம்பெனியார் வடக்கே குடியமர்த்தினார்கள். குருகுல வம்சத்தார் என்று தங்களைச் சொல்லிக்கொண்ட அந்தக் கத்தோலிக்கப் படகுக்காரர்கள் 1829-இல் இங்கே ஒரு கோயில் எழுப்பினார்கள். அர்ச்சியசிஷ்ட ராயப்பர் கோயில். ராயப்பர் என்றால் யார்? வேதாகமத்துப் பீட்டர்தான். தமிழ்க் கிறிஸ்தவர்கள் பவுலைச் சின்னப்பர் என்பார்கள். யோவானை அருளப்பர் என்பார்கள். பேதுருவை ராயப்பர் என்பார்கள். கலிலேயாக் கடலில் வலை வீசிய மீனவர் அல்லவா அவர்? கடலில் பிழைக்கும் ஜனங்கள் அவரைப் பிடித்துக்கொண்டதில் அதிசயமில்லை. ராயப்பர் புரம்தான் ராயபுரம் ஆயிற்று என்பார்கள்.

கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தார் சிநேகிதர். "படகு ஓட்டிச் சம்பாதித்த பணமா இது!" என்றார்.

ஆம், அலையில் சம்பாதித்த பணம். அந்தச் சம்பாத்தியம் எத்தனை நாள் நடந்தது? 1861-இல் கடலுக்குள் இரும்புத் தூண்களை இறக்கி ஒரு நீண்ட பாலம் கட்டினார்கள். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் வந்து துறைமுகத்துக்கு அஸ்திவாரக் கல் வைத்தார். கல்லைக் கொட்டிக் கடலுக்குள் இரண்டு கைகளை நீட்டினார்கள். 1881 நவம்பரில் ஒரு புயல் அந்தக் கைகளை முறித்துப் போட்டது. மறுபடியும் கட்டினார்கள். கிழக்கே பார்த்திருந்த வாசலில் மணல் சேரவே, பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ற பொறியாளர் 1904-க்குப் பின் வந்து வாசலை வடகிழக்குப் பக்கம் மாற்றி வைத்தார். அப்புறம்தான் சென்னைத் துறைமுகம் துறைமுகமாயிற்று. கப்பல்கள் கரைக்கே வந்து நின்றன. தைத்த படகுக்கு வேலை இல்லை. அலையை ஜெயித்த வம்சத்தில் பலர் மூட்டை தூக்கினார்கள்.

"முன்னேற்றம் என்றால் அப்படித்தானே இருக்கும்? யாருக்காவது நஷ்டம் வரத்தான் செய்யும்" என்றார் சிநேகிதர்.

அதை நானும் மறுக்கவில்லை. என் தாத்தாவே துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவர்தான். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளைக் கோடு போட்டு எண்ணுகிற உத்தியோகம். அந்தச் சம்பளத்தில்தான் என் தகப்பனார் படித்தார். துறைமுகம் இல்லாவிட்டால் நான் இந்தக் கட்டுரையை எழுத மாட்டேன். ஆனால் கணக்கு அதோடு முடியவில்லை. அதற்காகத்தான் அவரை இன்னும் கொஞ்சம் நடக்கச் சொன்னேன். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தைத் தாண்டி, கடல் ஓரத்துக்கு வந்தோம்.

அங்கே மணல் இல்லை. கருங்கற்கள்தான். ஆளுயரக் கற்களை லாரியில் கொண்டுவந்து வரிசையாகக் கொட்டியிருக்கிறார்கள். அலை வந்து அவற்றின்மேல் மோதிப் பொங்குகிறது. ஒரு பெரியவர் கல்மேல் உட்கார்ந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்.

"பெரியவரே, இங்கே மணல் கிடையாதா?" என்று சிநேகிதர் கேட்டார்.

பெரியவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மணலா? எங்க நைனா காலத்துல இருந்துச்சு சார். பசங்க கபடி ஆடுவாங்களாம். அதோ அல ஒடையுது பாரு, அதுக்கும் அப்பால தெருவே இருந்துச்சாம். எல்லாம் கடலு வாங்கிக்கிச்சு" என்றார்.

என் பாட்டியும் இதையேதான் சொல்லுவாள். "நான் கல்யாணமாகி வந்தபோது இருந்த வீடு அங்கேதான்" என்று தண்ணீரைக் காட்டுவாள். முதலில் வேலி போயிற்றாம். அடுத்த மழைக்காலத்தில் கிணற்றில் உப்புத் தண்ணீர் வந்ததாம். பிறகு ஓர் ஐப்பசி இரவில் திண்ணை போயிற்றாம். தாத்தா உத்தரங்களைக் கழற்றி விற்றுவிட்டு வாடகைக்குக் குடி வந்துவிட்டார். பாட்டி கதை சொல்கிறாள் என்று நான் நினைத்தேன். பூம்புகாரைக் கடல் கொண்டது என்று பாடப் புத்தகத்தில் படித்தபோது நம்பினேன். பாட்டியின் திண்ணையை நம்பவில்லை. பெரியவனாகி, துறைமுகத்தின் கதையைத் தேடிப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது.

நம்முடைய கடற்கரையில் மணல் ஓர் இடத்தில் சும்மா கிடப்பதில்லை. அது பிரயாணம் செய்கிறது. தென்மேற்குக் காற்று வீசுகிற மாதங்களில் அலைகள் தெற்கேயிருந்து சாய்வாக வந்து மோதி, மணலை வடக்கே தள்ளுகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று கொஞ்சத்தைத் தெற்கே திருப்புகிறது. வரவு செலவு பார்த்தால் வருஷா வருஷம் மிச்சம் வடக்கு நோக்கித்தான். சென்னைக்கு வந்த மணல் ராயபுரத்துக்குப் போகும். ராயபுரத்து மணல் திருவொற்றியூருக்குப் போகும். அங்கிருந்து எண்ணூருக்குப் போகும். போன மணலுக்குப் பதில் தெற்கேயிருந்து புது மணல் வந்துகொண்டே இருக்கும். அதனால்தான் கரை கரையாக நின்றது.

குறுக்கே துறைமுகம் கையை நீட்டியது. தெற்கேயிருந்து வந்த மணல் அந்தக் கல் கையில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. வடக்கே அலைகள் வழக்கம்போல் மணலை எடுத்துக்கொண்டு போயின. ஈடு கொடுக்கப் புது மணல் வரவில்லை. போடாமல் எடுத்துக்கொண்டே இருந்தால் எந்தக் கணக்குத்தான் தாங்கும்? நூற்றுச் சொச்சம் வருஷத்தில் ராயபுரம், திருவொற்றியூர்க் கரைகள் நூற்றுக்கணக்கான மீட்டர் பின்வாங்கிவிட்டன. கல் கொட்டினால் அந்த இடம் நிற்கும். அரிப்பு அதற்கு வடக்கே நகரும். அங்கேயும் கல் கொட்ட வேண்டும். எண்ணூர் போகும் கடலோரச் சாலை நெடுக இதைப் பார்க்கலாம். உலகத்தில் ஒன்றுமே நிலையில்லை என்று பாடிய பட்டினத்தார் திருவொற்றியூரில் கடல் ஓரமாகத்தான் சமாதி கொண்டிருக்கிறார். இடம் பார்த்துத்தான் உட்கார்ந்தார் போலும்.

"அப்படியானால் தெற்கே நின்றுபோன மணல்?" என்று ஆரம்பித்த சிநேகிதர், பாதியில் நிறுத்திவிட்டார். அவர் மயிலாப்பூர்க்காரர் அல்லவா? பதில் அவருக்கே தெரிந்துவிட்டது.

துறைமுகக் கல் விழுந்த சில வருஷங்களிலேயே தெற்கே மணல் சேர ஆரம்பித்துவிட்டது. 1880-களில் கவர்னராக இருந்த கிராண்ட் டஃப் அந்தக் கரையோரமாக ஓர் உலாவும் சாலை போட்டு, இத்தாலி தேசத்துப் பெயராக மெரினா என்று வைத்தார். வருஷத்துக்கு வருஷம் அது அகலமாயிற்று. இன்று சாலையிலிருந்து தண்ணீருக்கு நடப்பதற்குள் குழந்தைகளுக்குக் கால் வலிக்கிறது. சுண்டலும் பலூனும் குதிரைச் சவாரியும் தலைவர்களின் சமாதிகளும் அந்த மணலின்மேல்தான். காணும் பொங்கலன்று பட்டணமே அங்கே வந்து உட்காருகிறது. ராயபுரத்து ஜனங்களும் பஸ் ஏறி அங்கேதான் போகிறார்கள், தங்கள் பக்கம் வந்திருக்க வேண்டிய மணலில் கால் வைப்பதற்கு.

யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. மயிலாப்பூர்க்காரர்கள் மூட்டை கட்டி எடுத்துப் போகவுமில்லை. கடலுக்கு ஓரவஞ்சனை கிடையாது. ஆனால் ஒரு பட்டணத்துக்குத் துறைமுகம் வேண்டியிருந்தது. லாபம் பட்டணத்துக்கெல்லாம் வந்தது. நஷ்டம் மட்டும் வடக்கே ஒரு பக்கத்தில் விழுந்தது. நஷ்டப்பட்ட இடத்தைக் கடல் மூடிவிட்டதால் யாருக்கும் ஞாபகமில்லை. ஸ்டாக்ஹோமில் கடலோரத் தெருக்கள் இரண்டு ஊருக்கு நடுவே வந்துவிட்டன என்று தாளில் அச்சடித்துக் காட்டுகிறார்கள். நம்முடைய தெருக்கள் தண்ணீருக்கு அடியில் இருக்கின்றன. அவற்றுக்கு எண் போட்டு வழி காட்டுவது எப்படி?

சிநேகிதர் வெகுநேரம் கல்மேல் நின்றுகொண்டிருந்தார். பிறகு பையிலிருந்து அந்த ஸ்வீடன் தேசத்துக் காகிதத்தை எடுத்து, பின்பக்கத்து வெள்ளை இடத்தில் பேனாவால் கோடு கிழித்தார். கடற்கரை ஸ்டேஷன், மதில், கஞ்சித் தொட்டி, ரயில்வே ஸ்டேஷன், அக்கினி ஆலயம், ராயப்பர் கோயில் என்று ஒன்று, இரண்டு போட்டுக்கொண்டு வந்தார். ஏழாவது எண்ணைக் கடலுக்குள் போட்டார்.

"இது என்ன?" என்றேன்.

"உங்கள் பாட்டி வீடு" என்றார்.

அந்தத் தாள் இப்போது என்னிடம் இருக்கிறது. வாசகர்கள் யாராவது ராயபுரத்துக்கு நடக்க வருவதானால் தாராளமாகப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். வர முடியாதவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை மெரினாவிலிருந்து வீட்டுக்குத் திரும்பும்போது செருப்பைத் தட்டி மணலை உதறுவீர்கள் அல்லவா? அப்போது ஒரு நிமிஷம் வடக்கே திரும்பிப் பாருங்கள். துறைமுகத்து விளக்குகளுக்கு அப்பால் எங்கள் ஊர் இருக்கிறது.